மத்தாப்பை நோக்கி ஒரு கோணம்

பத்தாம் வகுப்பு கணக்குப் புத்தகத்துல முக்கோணவியல்னு ஒரு பாடம் இருந்ததே, ஞாபகம் இருக்கா? முதல் பாதி முழுக்க முற்றொருமைகள். இடப்பக்கத்தை உருட்டிப் புரட்டி வலப்பக்கமா ஆக்கி, 'எனவே நிரூபிக்கப்பட்டது'ன்னு முடிக்கணும். ரெண்டாவது பாதியில ஒரு ஆள் கலங்கரை விளக்கத்து மேல ஏறி நின்னு ஒரு கப்பலைப் பார்ப்பார். இறக்கக்கோணம் 30 டிகிரி. கொஞ்ச நேரம் கழிச்சு 45 டிகிரி. அந்த ஆள் எதுக்கு ஏறினார், கப்பல் யாருது, தூரம் தெரிஞ்சு அவர் என்ன செய்யப் போறார்? எதுவும் புத்தகத்துல இருக்காது. விடை மட்டும் கடைசிப் பக்கத்துல இருக்கும்.

இன்னைக்கு எபிசோடு நிஜமாவே ஏறின ஆட்களைப் பத்தி. சுமார் 200 வருஷத்துக்கு முன்னாடி, சென்னையில ஆரம்பிச்சு குமரி முனை வரைக்கும், மலை மேலயும் கோயில் கோபுரத்து மேலயும் ஏறி நின்னு சைன் கணக்குப் போட்டவங்க. அவங்க முக்கோணங்களோட முதுகெலும்பு 78 டிகிரி தீர்க்கரேகையை ஒட்டியே ஓடுது. மேப்பை எடுத்து அந்தக் கோட்டுல விரலை வச்சு மதுரையிலிருந்து கீழ இறக்குங்க. எங்க ஊர் வரும். சிவகாசி 77.8 டிகிரி. விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டி, எல்லாம் அந்தக் கோட்டுக்குப் பக்கத்துல தான். நம்ம ஊர் கரிசல் மண் மேல போட்ட கணக்கு அது. பள்ளிக்கூடத்துல யாரும் இதைச் சொல்லலை.

ஆரம்பம் ஒரு போர்ல. 1799. ஸ்ரீரங்கப்பட்டணத்துல திப்பு சுல்தானைக் கம்பெனிப் படை சுத்தி வளைக்குது. ஒரு ராத்திரி ஜெனரல் பேர்ட் தன் படையைக் கூட்டிக்கிட்டு இருட்டுல திரும்பிப் போறார். தெற்கே போறோம்னு நினைச்சு நடந்துக்கிட்டு இருக்காங்க. கூட இருந்த வில்லியம் லாம்டன் என்கிற அதிகாரி வானத்தை ஒரு தடவை அண்ணாந்து பார்த்துட்டு, 'நாம வடக்கே போய்க்கிட்டு இருக்கோம், நேரா எதிரியோட பாசறைக்கே'ன்னு சொல்றார். ஜெனரல் முதல்ல நம்பவே இல்லையாம். லாம்டன் நட்சத்திரத்தை வச்சு திசை சொன்னவர். அது சரியாவும் இருந்தது.

இடையில ஒரு சின்ன விஷயம். அந்தப் போர்ல திப்புவோட ஆட்கள் இரும்புக் குழாய்ல மருந்து அடைச்ச ராக்கெட்டை விட்டாங்க. அதுல மிச்சம் கிடைச்சதை இங்கிலாந்துக்குக் கொண்டுபோய்த்தான் காங்கிரீவ் தன் ராக்கெட்டைச் செய்தார். தீபாவளிக்கு பாட்டில்ல நிறுத்திக் கொளுத்துற ராக்கெட்டுக்குத் தூரத்துச் சொந்தம். சிவகாசிக்காரனா இதைச் சொல்லாம என்னால தாண்டிப் போக முடியலை.

மைசூர் விழுந்தது. கையில பெரிய நிலப்பரப்பு வந்தாச்சு, ஆனா அதோட அளவு கம்பெனிக்குத் தெரியாது. தெற்கே இன்னும் ரத்தம் காயலை. 1799 அக்டோபர் 16இல் கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டார்கள். 1801 அக்டோபர் 24இல் திருப்பத்தூரில் மருது சகோதரர்களை. அதே 1801இல் கர்நாடக நவாப்பின் நாடு முழுவதும் கம்பெனி வசம் வந்தது. பாளையக்காரர்கள் வரி வாங்கிய ஊர்களில் இனி கம்பெனி வரி வாங்கும். வரி போடணும்னா நிலம் எவ்வளவுன்னு தெரியணும். படை போகணும்னா எந்த ஊர் எங்க இருக்குன்னு தெரியணும்.

லாம்டன் அரசாங்கத்துக்கு ஒரு திட்டம் எழுதிக் கொடுத்தார். தீபகற்பம் முழுக்க முக்கோணங்களால் அளக்கலாம், அதை வைத்து மற்ற எல்லா வரைபடங்களையும் பொருத்தலாம் என்றார். அவருடைய உள் ஆசை வேறு. பூமி சரியான உருண்டையா, துருவத்துப் பக்கம் தட்டையா? தட்டை என்றால் எவ்வளவு? பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் ஒரு டிகிரி அட்சத்தின் நீளம் என்ன என்று யாராவது துல்லியமாக அளந்தால்தான் இதற்கு விடை கிடைக்கும். இன்றைக்கு நமக்கு விடை தெரியும்: நம் பக்கம் ஒரு டிகிரி சுமார் 110.6 கிலோமீட்டர், துருவத்தில் சுமார் 111.7. அந்த ஒரு கிலோமீட்டர் வித்தியாசத்தைத் தேடித்தான் அந்த மனுஷன் மீதி வாழ்க்கையைச் செலவழிச்சார். கம்பெனி மேப்புக்குக் காசு கொடுத்தது, இவர் அந்தக் காசில் பூமியின் வடிவத்தை அளந்தார். ரெண்டு பேருக்கும் லாபம். அளக்கப்பட்ட ஊர்க்காரங்களை யாரும் கேட்கலை.

இப்ப சென்னைக்கு வருவோம். முக்கோணம் போட ஆரம்பிக்கணும்னா ஒரே ஒரு பக்கத்தை மட்டும் நிஜமாவே தரையில அளக்கணும். அதுக்கு அடிக்கோடுன்னு பேர். 1802 ஏப்ரல் 10இல் லாம்டன் பரங்கிமலைக்கு அருகில் அதைத் தொடங்கினார். வடக்கு முனை பரங்கிமலைப் பக்கம். தெற்கு முனை எங்கே தெரியுமா? பெரும்பாக்கம் குன்று. ஆமா, நம்ம பெரும்பாக்கம் தான். ஓ.எம்.ஆர்.ல வேலை பார்க்கிறவங்க, வேளச்சேரி, பள்ளிக்கரணை, மேடவாக்கம் வழியா வண்டி ஓட்டுறவங்க, நீங்க தினமும் போற வழிக்குக் கிட்டத்தட்ட இணையா ஓடுற கோடு அது. இந்திய வரைபடத்தோட முதல் கோடு.

நீளம் 40,006 அடி, அதாவது சுமார் 12.2 கிலோமீட்டர். அளந்த கருவி 100 அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலி. அந்தச் சங்கிலிக்கும் ஒரு கதை உண்டு: சீனப் பேரரசருக்குப் பரிசாகப் பிரிட்டிஷ் தூதுக்குழு கொண்டுபோன பொருட்களில் ஒன்று அது. அவர் வேண்டாம் என்றார். சுற்றிச் சுற்றி லாம்டன் கைக்கு வந்தது. வெயில் பட்டால் எஃகு நீளும். அதனால் சங்கிலியை நீளமான மரப்பெட்டிகளுக்குள் கிடத்தி, முக்காலிகளின் மேல் வைத்து, மட்டம் பார்த்து, வெப்பமானியில் வெப்பநிலையைக் குறித்துக்கொண்டு அளந்தார்கள். ஏப்ரல், மே மாதச் சென்னை வெயில்! 400 தடவை சங்கிலியை எடுத்து எடுத்து வைக்க 57 நாள் ஆனது. பைக்ல அரை மணி நேரத்துல போற தூரம்.

இனிமே தரையில அளக்க வேண்டாம். கணக்குப் பார்த்துக்கும்.

எப்படின்னு பார்க்கலாம். பேப்பர் எடுத்துக்கோங்க, பயப்படாதீங்க, ஒரே வரி தான். அடிக்கோட்டோட ரெண்டு முனையும் அ, ஆ. தூரத்துல ஒரு குன்று இ. அ-வில் நின்று ஆ-வையும் இ-யையும் பார்த்தால் நடுவில் இருக்கிற கோணம் 60 டிகிரின்னு வச்சுக்குவோம். ஆ-வில் நின்று பார்த்தால் 70. அப்ப இ-யில 50. சைன் விதி என்ன சொல்லுது? ஒரு பக்கத்தை அதுக்கு எதிர்க்கோணத்தோட சைனால வகுத்தா, மூணு பக்கத்துக்கும் ஒரே எண் தான் வரும். ஆ-வில இருந்து இ-க்கு தூரம் வேணுமா? 40,006ஐ சைன் 60 ஆல் பெருக்கி சைன் 50 ஆல் வகுங்க. 45,227 அடி. குன்று பக்கமே யாரும் சங்கிலியைத் தூக்கிட்டுப் போகலை. இப்ப இந்தப் புது பக்கமே அடுத்த முக்கோணத்துக்கு அடிக்கோடு. அதுல இருந்து இன்னொன்னு. அதுல இருந்து இன்னொன்னு. கோடு எழுதுறவங்களுக்குச் சொல்றேன்: இது ஒரு லூப். ஒவ்வொரு சுற்றோட அவுட்புட்டும் அடுத்த சுற்றுக்கு இன்புட்.

லூப்னு சொன்னதும் அடுத்த கேள்வி உங்களுக்கே வந்திருக்கும். பிழை சேர்ந்துக்கிட்டே போகுமே? ஆமா. இங்கதான் இந்த விஷயம் எனக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. ஒரு டிகிரியில 60 நிமிடம், ஒரு நிமிடத்துல 60 விநாடி. கோணம் ஒரே ஒரு விநாடி தப்பினா, 48 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற குன்று 23 சென்டிமீட்டர் நகர்ந்துடும். ஆனா தூரத்துல வர்ற பிழை முக்கோணத்தோட வடிவத்தையும் பொறுத்தது. எதிர்க்கோணம் 60 டிகிரி சுமாருக்கு இருந்தா, ஒரு விநாடிப் பிழை பக்கத்தை ரொம்பக் கொஞ்சமாத்தான் கெடுக்கும். அதே எதிர்க்கோணம் 5 டிகிரியா, ஊசி மாதிரி ஒல்லி முக்கோணமா இருந்தா, அதே ஒரு விநாடி 20 மடங்கு கெடுக்கும். காரணம், 5 டிகிரி பக்கம் சைனோட மதிப்பே சின்னது, அதுல சின்ன மாற்றம் கூட விகிதத்துல பெருசாத் தெரியும். அதனாலதான் சர்வேக்காரங்க மூணு பக்கமும் ஏறக்குறைய சமமா வர்ற மாதிரி குன்றுகளைத் தேடித் தேடி அலைஞ்சாங்க. பரீட்சைத் தாள்ல 30, 45, 60ன்னு கொடுக்கிறது மதிப்பு சுலபம்னு. களத்துல 60க்குப் பக்கம் போகணும்னு நினைக்கிறதுக்குக் காரணமே வேற.

இன்னொன்னு. முக்கோணத்தோட மூணு கோணத்தையும் கூட்டினா 180 டிகிரின்னு படிச்சோம். லாம்டனோட முக்கோணங்கள்ல அது வராது. பூமி வளைஞ்சிருக்கிறதால கொஞ்சம் கூட வரும். பக்கம் 48 கிலோமீட்டர் இருக்கிற சமபக்க முக்கோணத்துல சுமார் 5 விநாடி கூடுதல். அதை ஒதுக்கிட்டு மிச்சம் வர்ற வித்தியாசம் தான் கருவியோட பிழை, கண்ணோட பிழை. இதுக்கு லெஜாண்டர்ங்கிற பிரெஞ்சுக் கணிதக்காரர் அந்தக் காலத்துலயே ஒரு அழகான குறுக்குவழி கண்டுபிடிச்சு வச்சிருந்தார்: அந்தக் கூடுதலை மூணாப் பிரிச்சு ஒவ்வொரு கோணத்துல இருந்தும் கழிச்சுடுங்க, அப்புறம் சாதாரண தட்டை முக்கோணம் மாதிரியே சைன் விதியைப் போடுங்க. வளைஞ்ச பூமியைப் பத்தாம் வகுப்புக் கணக்கா மாத்துற தந்திரம்.

சரி, பிழை எவ்வளவு வந்தது? சோதிக்கிறதுக்காக 1804இல் பெங்களூருக்கு அருகில் இன்னொரு அடிக்கோட்டைத் தரையிலேயே சங்கிலியால் அளந்தார்கள். சென்னையில் இருந்து முக்கோணம் முக்கோணமாகக் கணக்குப் போட்டு வந்த நீளத்தோடு ஒப்பிட்டார்கள். நடுவில் 160 மைல். வித்தியாசம் 4 அங்குலத்துக்கும் குறைவு. உள்ளங்கை அகலம்! மங்களூர் வரைக்கும் முக்கோணங்களைக் கொண்டுபோனபோது இன்னொரு விஷயம் தெரிந்தது. அதுவரை இருந்த வரைபடங்கள் தீபகற்பத்தை 40 மைல் கூடுதல் அகலமாகக் காட்டியிருந்தன.

சைன்ங்கிற வார்த்தையைப் பத்தி ஒரு நிமிஷம். இதை வெள்ளைக்காரன் கொண்டுவந்த சரக்குன்னு நினைச்சா, வார்த்தையே வேற கதை சொல்லும். சமஸ்கிருதத்துல ஜ்யா என்றால் வில்லின் நாண். ஆரியபட்டர் 499 வாக்கிலேயே அரை நாண்களுக்குப் பட்டியல் போட்டு வைத்தார். அந்தச் சொல் ஜீவா ஆகி, அரபிக்குப் போய் ஜிபா ஆனது. அரபியில் உயிரெழுத்துக் குறிகள் இல்லாமல் எழுதுவார்கள். அதை லத்தீனுக்கு மொழிபெயர்த்தவர் ஜைப் என்று படித்தார். ஜைப் என்றால் மடி, வளைவு. அதற்கு லத்தீனில் சைனஸ். அதிலிருந்து சைன். தமிழ்ப் பாடப்புத்தகத்துல வட்டத்தோட நாண்னு ஒரு சொல் வருமே, அது அந்தப் பழைய வில்லோட நாண் தான். இங்கிருந்து கிளம்பிப் போன நாண், உருமாறி, 1802ல கப்பல் ஏறி பரங்கிமலைக்கு வந்து சேர்ந்தது.

இப்ப கருவி. கோணம் அளக்கிற தியோடலைட். லண்டன்ல கேரி என்பவர் செய்தது. வட்டத்தட்டு 36 அங்குலம், எடை அரை டன். தூக்கிட்டுப் போக 12 ஆள் வேணும். கடல் வழியில் வரும்போது பிரெஞ்சுக்காரர்கள் கப்பலையே பிடித்து மொரீஷியசுக்கு இழுத்துப் போனார்கள். அங்கே இருந்த கவர்னர், இது அறிவியல் கருவி, போருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று மரியாதையாகச் சென்னைக்கு அனுப்பி வைத்தார். அந்தக் கவர்னர் ரொம்ப நல்லவர், இல்லைன்னா மேப்பு போடுற கருவிக்கும் போருக்கும் உள்ள சம்பந்தம் அவருக்குப் புரியலை. ரெண்டுல ஒண்ணு.

வட தமிழ்நாட்டுல குன்று இருக்கு. காவிரி டெல்டாவுல? எல்லாம் வயல், தென்னை. பூமி வளைவு இங்க வில்லனா வருது. 48 கிலோமீட்டர் தூரத்துல தரை சுமார் 180 மீட்டர் கீழ இறங்கிடும். நீங்க தரையில நின்னா அங்க 180 மீட்டர் உயரத்துக்குக் கீழ இருக்கிற எதுவும் தெரியாது. அதனால் கோயில் கோபுரங்களில் ஏறினார்கள். 1808இல் தஞ்சாவூரில் கோபுரத்தின் மேல் தியோடலைட்டைக் கயிறு கட்டி ஏற்றினார்கள். கயிறு அறுந்தது. கருவி கோபுரச் சுவரில் மோதி, அந்தப் பெரிய வட்டத்தட்டு நெளிந்துபோனது. கோணம் அளக்கிற வட்டமே நெளிஞ்சா அப்புறம் என்ன இருக்கு? லாம்டன் கூடாரத்துக்குள் போய் உட்கார்ந்து, அதை ஒவ்வொரு பாகமாகப் பிரித்து, தட்டி இழுத்து, ஆறு வாரத்தில் பழைய வட்டத்துக்குக் கொண்டுவந்தார். இத்தனைக்கும் அவருக்கு ஒரு கண்ணில் பார்வை குறைவு. இளம் வயதில் சூரிய கிரகணத்தை வெறும் கண்ணால் பார்த்ததன் விளைவு என்று சொல்வார்கள்.

அப்புறம் தெற்கே. 1809இல் முக்கோணங்கள் குமரி முனையைத் தொட்டன. அதாவது கட்டபொம்மனைத் தூக்கிலிட்டுப் பத்து வருஷத்துல, அதே கயத்தாறு சீமை வழியா, கொடி பிடிச்ச ஆட்கள் குன்று குன்றா ஏறிப் போறாங்க. எங்க பக்கம் மேற்கே மலைத்தொடர் சுவர் மாதிரி நிக்கும், கிழக்கே கரிசல் காடு தட்டையாப் போகும். நடுவுல அங்கங்க பாறைக் குன்று. முக்கோணம் போட ஏத்த நிலம். ஒரு கணக்குக்காகச் சொல்றேன்: ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம் சுமார் 59 மீட்டர். அதன் உச்சியில நின்னா தொடுவானம் 27 கிலோமீட்டர் தள்ளி இருக்கும். சிவகாசி 20 கிலோமீட்டர் தான், தெளிவாத் தெரியும். அன்னைக்கு சிவகாசியில பட்டாசும் இல்லை, தீப்பெட்டியும் இல்லை, பிரஸ்ஸும் இல்லை. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கத்துக்கிட்டு வந்ததே 1920களோட தொடக்கத்துல தான்.

ஆனா பட்டாசு அந்த சர்வேக்குள்ள ஏற்கனவே இருந்தது. இந்த எபிசோடைப் பண்ணணும்னு எனக்குத் தோணினதே இதனால தான்.

முப்பது மைல் தள்ளி இருக்கிற குன்றுல ஒரு கொடியைப் பார்க்கிறது பகல்ல பெரிய பாடு. வெயில்ல காத்து கொதிச்சு, தொலைநோக்கிக்குள்ள கொடி நடனமாடும், புழுதியில காணாமலே போகும். ராத்திரியில காத்து அடங்கும். ஒளி வளைஞ்சு வர்றதும் கூடும், பகல்ல மறைஞ்சிருக்கிற குன்று சில சமயம் ராத்திரியில எழும்பி வந்து கண்ணுக்குத் தெரியும். ஆனா ராத்திரியில எதைப் பார்க்கிறது? அதனால் தூரத்து நிலையங்களில் 'நீல வெளிச்சம்' என்ற ஒன்றைக் கொளுத்தினார்கள். கப்பல்களிலும் ராணுவத்திலும் சைகை காட்டப் பயன்பட்டது. வெடியுப்பு, கந்தகம், அதோடு ஆன்டிமனி போன்ற ஒரு பொருள். குழாயில் அடைத்துக் கொளுத்தினால் சில நிமிஷம் கண்ணைப் பறிக்கிற வெளிச்சம். நம்ம பாஷையில சொன்னா மத்தாப்பு.

எங்க சித்தப்பா பட்டாசு ஆலையில ஃபோர்மேன். போன்ல அவர்கிட்ட இந்தக் கலவையைச் சொன்னேன். "நீலம்னு பேரு வச்சிருப்பாய்ங்க, எரிஞ்சது வெள்ளையாத்தான் எரிஞ்சிருக்கும்ப்பா. இம்புட்டூண்டு நீலம் ஓரத்துல தெரியும்"னார். "நீலத்துக்குச் செம்பு உப்பு வேணும். அதுலயும் சூடு ஏறிட்டா கலர் வெளுத்துப் போகும். இருக்கிற கலர்லயே நீலந்தான் சள்ளை புடிச்சது." அப்புறம் அவரே கேட்டார்: "சரி, மலை மேல உக்காந்து அதைக் கொளுத்துனது யாரு?"

நான் படிச்ச எதுலயும் முன்னுக்கு வராத கேள்வி அது. யோசிச்சுப் பாருங்க. ஒரு கோணத்துல தியோடலைட் இருக்கிற முனை ஒண்ணு, அது பார்க்கிற முனைகள் ரெண்டு. அந்த ரெண்டு குன்றுலயும் ஆள் உட்கார்ந்திருக்கணும். கொடிக்காரர்கள், கலாசிகள். முன்கூட்டியே நடந்து போய், மலை ஏறி, உச்சியில மரத்தை வெட்டி, கல் அடுக்கி, சொன்ன ராத்திரி சொன்ன நேரத்துக்கு மத்தாப்பைக் கொளுத்தணும். எதிர்ப்பக்கம் பார்த்தாச்சா இல்லையான்னு கத்திக் கேட்க முடியாது. மேகம் வந்தா மறுநாள். மறுநாளும் வந்தா அதுக்கடுத்த நாள். குன்றுல தண்ணி இருக்காது. பின்னாட்களில் தெலுங்குக் காடுகளில் காய்ச்சல் வந்து இப்படிப்பட்ட ஆட்கள் செத்தும் போனார்கள். கோணம் எழுதின நோட்டுல குன்றோட பேர் இருக்கும், டிகிரி இருக்கும், நிமிடம், விநாடி, விநாடிக்குப் பின்னால தசமப் புள்ளி கூட இருக்கும். மத்தாப்பைப் பிடிச்ச கையோட பேரை லாம்டன் அச்சிட்ட கட்டுரைகள்ல தேடாதீங்க. சித்தப்பா வேலை பார்க்கிற இடத்துலயும் டப்பா மேல கம்பெனி பேர் இருக்கும், மருந்து அடைச்சவங்க பேர் இருக்காது. அவர் அதனாலதான் அதைக் கேட்டார்னு நினைக்கிறேன்.

பேர் தெரிஞ்சவங்களுக்கும் அது நிலைச்சு நின்னதான்னு கேட்டா, அதுக்கு ஒரு கதை இருக்கு. 1818இல் இந்த வேலைக்கு மாபெரும் முக்கோண அளவை என்ற பொருளில் அதிகாரப்பூர்வப் பெயர் வந்தது. 1823இல் லாம்டன் ஹிங்கன்காட்டில், வேலை செய்துகொண்டிருக்கும்போதே இறந்தார். அடுத்து வந்தவர் ஜார்ஜ் எவரெஸ்ட். மத்தாப்பில் இருந்து எண்ணெய் விளக்குக்கும், சூரியனைத் திருப்பிக் காட்டும் கண்ணாடிக்கும் மாறியது அவர் காலத்தில். கணக்குப் போட ஆட்கள் தேவைப்பட்டார்கள். அந்த வேலைக்குப் பேரே 'கம்ப்யூட்டர்' தான், மனுஷக் கம்ப்யூட்டர். 1831இல் கல்கத்தா இந்துக் கல்லூரி மாணவர் ராதாநாத் சிக்தார் மாதம் 30 ரூபாய்க்குச் சேர்ந்தார். சைனைச் சைனால பெருக்கி வகுக்கிறதை மடக்கை அட்டவணை வச்சு கூட்டல் கழித்தலா மாத்தி, இரவும் பகலும் அதையே செய்யணும். 15ஆம் சிகரம் என்று எண் போட்டிருந்த மலைதான் உலகத்திலேயே உயரமானது என்ற முடிவுக்கு அவர் கணக்குகள் வழிகாட்டின. 1856இல் அறிவித்த உயரம் 29,002 அடி. மலைக்கு வைத்த பெயர் எவரெஸ்ட்.

1851இல் வந்த இந்திய சர்வே கையேட்டில் கணக்குப் பகுதிகளை எழுத உதவியதற்காக சிக்தாருக்கு முன்னுரையில் நன்றி சொல்லியிருந்தார்கள். 1870இல் அவர் இறந்தார். 1875இல் வந்த மூன்றாம் பதிப்பில் அந்த நன்றி இல்லை. அப்போதே கல்கத்தாப் பத்திரிகையில் இதைக் கண்டித்து எழுதினார்கள், எழுதியது வெள்ளைக்காரர்கள் நடத்திய பத்திரிகை. சிக்தாருக்காவது சண்டை போட ஆள் இருந்தது.

சென்னைப் பக்கமும் ஒரு நூல் இருக்கு. இஞ்சினியரிங் படிச்சவங்களுக்கு இது பிடிக்கும். லாம்டன் வருவதற்கு முன்பே, 1794இல், மைக்கேல் டாப்பிங் சென்னையில் ஒரு சர்வே பள்ளியைத் தொடங்கினார். சின்னப் பையன்களைச் சேர்த்து, கோணம் அளக்கவும் கணக்குப் போடவும் கற்றுக்கொடுத்து, களத்துக்கு அனுப்பினார்கள். லாம்டனின் வலது கையாக இருந்த ஜோஷுவா டி பென்னிங் அப்படிப் பயிற்சி பெற்று வந்தவர். அந்தப் பள்ளி வளர்ந்து வளர்ந்து கிண்டி பொறியியல் கல்லூரி ஆனது. ஆக, தமிழ்நாட்டுல இன்னைக்கு வீட்டுக்கு ஒரு இஞ்சினியர் இருக்கோமே, இந்தப் படிப்போட முதல் பாடத்திட்டம் முக்கோணவியல் தான்.

கேட்கிறவங்கள்ல சிலர், 'இப்ப ஜி.பி.எஸ். இருக்கே, இன்னும் கோணமா அளக்கிறாங்க'ன்னு நினைப்பீங்க. இல்லை, நியாயமான கேள்வி. இருபதாம் நூற்றாண்டுல ஒளியையும் ரேடியோ அலையையும் அனுப்பித் தூரத்தையே நேரா அளக்கிற கருவிகள் வந்ததும் ஆட்டம் தலைகீழா மாறிச்சு. லாம்டனுக்குத் தூரம் அளக்கிறது கஷ்டம், கோணம் சுலபம். அதனால ஒரு பக்கம், மீதி எல்லாம் கோணம், சைன் விதி. இப்ப தூரம் சுலபம். உங்க போன் செயற்கைக்கோள்கள்ல இருந்து தூரங்களைத்தான் கணக்கிடுது, கோணத்தை இல்லை. மூணு பக்கம் தெரிஞ்சா கோணத்தைக் கொசைன் விதி கொடுத்துடும். புத்தகத்துல ரெண்டு விதியும் அடுத்தடுத்த பக்கத்துல இருக்கும், நடுவுல 150 வருஷ இடைவெளி இருக்குன்னு அந்தப் பக்கம் காட்டாது.

சரி, போறதுக்கு முன்னாடி ஒரு கணக்கு. எங்க ஊர்ல ஒருத்தர் மொட்டை மாடியில நின்னு ராக்கெட்டைப் பார்க்கிறார். மேல போய் வெடிக்கிறது. வெளிச்சம் தெரிஞ்சு சரியா அரை விநாடி கழிச்சு சத்தம் கேட்குது. வெடிச்ச இடத்தோட ஏற்றக்கோணம் 40 டிகிரி. சத்தம் விநாடிக்கு 340 மீட்டர் போகும்னு வச்சுக்கோங்க. ராக்கெட் அவர் கண் மட்டத்துக்கு மேல எத்தனை மீட்டர் உயரத்துல வெடிச்சது? தொடுகோட்டு விகிதம் வேண்டாம், சைன் போதும், அது ஏன்னும் சேர்த்துச் சொல்லணும். விடை 109க்குப் பக்கத்துல வந்தா சரி. வாய்ஸ் நோட்ல அனுப்புங்க, அடுத்த எபிசோடுல போடுறேன். அனுப்புறவங்க பேரையும் சொல்லி அனுப்புங்க.